வாசலில் இலவசம், உள்ளே கட்டணம்: செயலிகள் சந்தா வாங்குவது முறையா?

நீலசந்திரா பஜார் வீதியில் உள்ள செல்போன் கடைகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. புதிதாகப் போன் வாங்குகிறவர் கடைக்காரரிடம், "அப்படியே நாலு ஆப் போட்டுக் கொடுங்கண்ணா" என்பார். கடைக்காரரும் போட்டுக் கொடுப்பார். அதற்குக் காசு கேட்பதில்லை. படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, பிள்ளைக்குப் பாடம் படிக்க ஒன்று, எல்லாமே இலவசம்! ஆனால் பத்து நாள் கழித்து அதே செயலி கையை நீட்டுகிறது. "இந்தப் பாடத்தைத் திறக்க 99 ரூபாய்", "விளம்பரம் இல்லாமல் பார்க்க மாதச் சந்தா" என்று கேட்கிறது.

இலவசம் என்று அழைத்துவிட்டு உள்ளே உட்கார வைத்துப் பணம் கேட்பது நியாயமா? இந்தக் கேள்வி இன்று ஆட்டோ ஓட்டுகிறவர் முதல் அலுவலகக் குமாஸ்தா வரை எல்லோரையும் தொடுகிறது. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, ஆஸ்டின் டவுனிலும் விவேக் நகரிலும் நீலசந்திராவிலும் வாடகைக்குக் குடியிருந்து, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கும் அனுப்பி வாழும் நம்மவர்களுக்கு 99 ரூபாய் என்பது சின்னத் தொகையல்ல. எனவே ஆத்திரப்படாமல், அதே சமயம் ஏமாறாமல், இதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

இலவசம் வந்த வழி

ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் தன் செயலிக் கடையைத் திறந்தபோது ஏற்பாடு எளிமையாக இருந்தது. விலை போட்ட செயலியை வாங்க வேண்டும். விலை இல்லாததைச் சும்மா எடுத்துக் கொள்ளலாம். இலவசச் செயலிக்குள்ளேயே பொருள் விற்கலாம் என்று 2009 அக்டோபரில் அனுமதி கொடுக்கப்பட்டது. அன்று தொடங்கியதுதான் இந்த "உள்கட்டண" முறை. வாசலில் டிக்கெட் வாங்கும் சினிமாக் கொட்டகைக்குப் பதிலாக, உள்ளே போகக் காசில்லை, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு என்ற பொருட்காட்சி முறை வந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நாம் எல்லோரும் பயன்படுத்தும் வாட்ஸ்அப், முதல் ஆண்டு இலவசம், அதன்பின் ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் சற்றுக் குறைவான சந்தா என்ற முறையை வைத்திருந்தது. 2016 ஜனவரியில் அந்தச் சந்தாவை எடுத்துவிட்டது. கடன் அட்டையோ வங்கி அட்டையோ இல்லாத பலர் சந்தா கட்ட வழியில்லாமல் தவிப்பதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது.

சந்தா இல்லை என்றால் செலவும் இல்லை என்று பொருளல்ல. செயலியை எழுதியவருக்குச் சம்பளம் வேண்டும். நம் படங்களையும் செய்திகளையும் சுமக்கும் கணினிகளுக்கு இடமும் மின்சாரமும் வேண்டும். இந்தச் செலவை யாரோ ஒருவர் தந்தே தீர வேண்டும். விளம்பரக்காரர் தருவார், அல்லது நாம் தருவோம், அல்லது வேறொரு வாடிக்கையாளர் தருவார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் "அரட்டை" செயலி நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த நிறுவனம் கம்பெனிகளுக்கு மென்பொருளைச் சந்தாவுக்கு விற்று வருமானம் பார்க்கிறது. அரசின் டிஜிலாக்கர் இலவசம். அதன் செலவு நாம் கட்டும் வரியில் அடங்கியிருக்கிறது.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. செயலி விஷயத்தில் அந்தப் பழமொழியைத் தலைகீழாகத்தான் பிடிக்க வேண்டும். சும்மா வந்த மாடு என்றால் அதன் பல்லைப் பார்ப்பது மட்டும் போதாது, அதற்குத் தீனி யார் போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊர் ஆட்டோக்கள் சொல்லும் பாடம்

சந்தா என்றாலே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீதியில் ஓடும் ஆட்டோக்களே போதும்.

2022-ஆம் ஆண்டு பெங்களூரில் ஆட்டோவுக்கு அரசு விதித்த குறைந்தபட்சக் கட்டணம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய். ஆனால் செயலி மூலம் அழைத்தால் 100 ரூபாய்க்குக் குறையாமல் வாங்குகிறார்கள் என்று பயணிகள் புகார் செய்தார்கள். ஓட்டுநர்களோ, அந்த நூறும் எங்கள் கைக்கு வருவதில்லை என்றார்கள். இரண்டுக்கும் இடையில் நின்ற கமிஷன்தான் சண்டைக்குக் காரணம். அந்த ஆண்டு அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா, ஊபர், ராபிடோ நிறுவனங்களின் ஆட்டோ சேவையை நிறுத்தச் சொன்னது. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. நவம்பரில் அரசு, நூற்றுக்கு 5 வீதம் சேவைக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியும் வாங்கலாம் என்று நிர்ணயித்தது. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த 5 சதவீத வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே 2022 நவம்பரில்தான் "நம்ம யாத்ரி" செயலி வந்தது. பெங்களூரின் ஜஸ்பே நிறுவனமும் ஆட்டோ ஓட்டுநர் சங்கம் ஒன்றும் சேர்ந்து கொண்டுவந்தது அது. பயணி கொடுக்கும் பணம் முழுவதும் ஓட்டுநருக்கே, கமிஷன் கிடையாது என்பதுதான் அதன் கொள்கை. முதலில் ஓட்டுநருக்கும் இலவசமாகவே இருந்தது. பிறகு 2023-இல் சந்தா வந்தது. நாளொன்றுக்கு 25 ரூபாய் கட்டி எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஓட்டலாம், அல்லது சவாரிக்கு மூன்றரை ரூபாய் வீதம் கொடுக்கலாம் என்று இரண்டு வழிகள் வைத்தார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுநர் ஒருவர் நாளைக்குப் பத்துச் சவாரி, சவாரிக்கு 100 ரூபாய் வீதம் ஓட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். வரவு 1,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு இருபது என்றால் 200 ரூபாய் போய்விடும். நூற்றுக்கு ஐந்து என்றால் 50 ரூபாய். நாள் சந்தா என்றால் 25 ரூபாயோடு முடிந்தது. வேர்வை சிந்தி இன்னும் இரண்டு சவாரி கூடுதலாக ஓட்டினால், அந்தக் கூடுதல் முழுவதும் அவருடையது. கமிஷன் முறையில் உழைப்பு கூடக் கூட எதிராளியின் பங்கும் கூடும். சந்தா முறையில் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான் என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

இதன் நன்மையைப் பெரிய நிறுவனங்களும் கண்டுகொண்டன. 2024 தொடக்கத்தில் ராபிடோவும், 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோ ஓட்டுநர்களுக்குச் சந்தா முறையைக் கொண்டு வந்தன. ஓலா 2025 ஜூனில் கார், ஆட்டோ, பைக் மூன்றுக்கும் அதை விரித்தது. ஒரு சிறு உள்ளூர்ச் செயலி வைத்த சந்தா, பெரியவர்களையும் அந்த வழிக்குத் திருப்பியது என்றால் மிகையாகாது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. மழை கொட்டும் நாளில் இரண்டே சவாரி கிடைத்தாலும் நாள் சந்தா கட்டியவருக்கு 25 ரூபாய் போனது போனதுதான். அதனால்தான் சவாரிக் கணக்கில் கட்டும் இன்னொரு வழியும் இருப்பது நியாயமாகிறது. அடுத்து, சந்தா வாங்கும் நிறுவனம், "நாங்கள் ஆளைக் காட்டுவதோடு சரி, கட்டணத் தகராறை நீங்களே பேசிக் கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. சந்தா வாங்கினால் பொறுப்பும் ஏற்க வேண்டும். பணம் மட்டும் எனக்கு, பாடு உனக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

வலை விரிக்கும் இடம்

ஆட்டோக்காரர் தெரிந்தே கட்டும் சந்தா அது. தெரியாமல் கட்டும் சந்தாதான் நம்மவர் சம்பளத்தை அரிக்கிறது.

"ஏழு நாள் பார்க்க ஒரு ரூபாய்தான்" என்று செயலி சொல்லும். ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ இரகசிய எண்ணைப் போடுகிறோம். அப்போது நாம் ஒரு ரூபாயை மட்டும் கொடுக்கவில்லை. மாதாமாதம் குறிப்பிட்ட தொகை வரை நம் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இதற்கு "ஆட்டோபே" என்று பெயர். யுபிஐயில் இந்த வசதி 2020 ஜூலையில் வந்தது. எட்டாம் நாளிலிருந்து பணம் போகத் தொடங்கும். மாதம் 99 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,188 ரூபாய். இப்படி மூன்று செயலிகள் இருந்தால் ஆண்டுக்கு 3,564 ரூபாய். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வரும் செலவில் ஒரு பங்கு, பார்க்காத படத்துக்கும் கேட்காத பாட்டுக்கும் போய்விடுகிறது.

நம்மில் பலர், செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். இது தவறு. பால்காரர் வருகிற நேரத்தில் கதவைச் சாத்திக் கொண்டால் பால் கணக்கு நின்றுவிடுமா? "நாளை முதல் வேண்டாம்" என்று சொன்னால்தான் நிற்கும். செயலியும் அப்படித்தான். சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

இந்த விஷயத்தில் சட்டம் கைகட்டி நிற்கவில்லை. தானாகப் பணம் எடுப்பதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்தது. அட்டைகளுக்கு அது 2021 அக்டோபர் முதல் கண்டிப்பாக்கப்பட்டது. 15,000 ரூபாய் வரையிலான தொகையை ஒவ்வொரு முறையும் இரகசிய எண் கேட்காமல் எடுக்கலாம் என்று 2022-இல் வரம்பு உயர்த்தப்பட்டது. ஆக, நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அந்த முன்தகவல்தான். ஐம்பது விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் வரும் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டால் பணம் போய்விடும்.

மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் பதின்மூன்று தந்திரங்களை அது பட்டியலிட்டுத் தடை செய்கிறது. அதில் ஒன்று "சந்தாப் பொறி". சேருவதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பது, ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பது, இலவசம் என்று சொல்லி முதலிலேயே வங்கி விவரத்தைக் கேட்பது ஆகியவை அதில் அடங்கும். இன்றே கடைசி என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

2025 மே மாதம் ஊபருக்கு இந்த ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி வருமுன்பே "டிப்ஸ்" கொடுக்கத் தூண்டுவது ஏன் என்று கேட்டது. வேலை முடிந்த பின் மனமுவந்து கொடுப்பது அன்பளிப்பு. வேலை தொடங்குமுன் கொடுத்தால்தான் வண்டி வரும் என்றால் அதற்கு அன்பளிப்பு என்று பெயரல்ல. செயலிக்குள் கேட்கும் எல்லாப் பணத்துக்கும் இந்த உரைகல் பொருந்தும்.

பிள்ளைகள் கையில் அப்பாவின் போன்

ஒரு போனை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் புழங்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பகலில் அப்பாவின் கையில் இருக்கும் போன், இரவில் பிள்ளையின் கையில் விளையாட்டாகிறது. அந்தப் போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

விளையாட்டுச் செயலிகள் முதலில் எளிதாக ஜெயிக்க விடும். பிறகு வழியில் ஒரு சுவரை எழுப்பும். "இந்தச் சுவரைத் தாண்ட வைரம் வாங்கு" என்று சொல்லும். வைரம் விளையாட்டு வைரம், பணம் மட்டும் நிஜப் பணம்! அமெரிக்காவில் பெற்றோர் அறியாமல் குழந்தைகள் இப்படி வாங்கியவற்றுக்காக, 2014-இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் நிறுவனம் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. படித்த, வசதியான நாட்டிலேயே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இங்கே ஒரு தெளிவான கோட்டைப் போடுகிறது. பணம் வைத்துப் பணம் எடுக்கும் விளையாட்டுக்குத் தடை. பொழுதுபோக்கு விளையாட்டுக்குச் சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்கலாம், ஆனால் அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது. கட்டணமே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. எதற்காகக் கட்டணம் என்பதைத்தான் பார்க்கிறது.

நடுவில் ஒரு சுங்கச்சாவடி

சந்தா ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். செயலிக் கடையின் உரிமையாளரான கூகுளும் ஆப்பிளும், செயலிக்குள் விற்கும் டிஜிட்டல் பொருளுக்கும் சந்தாவுக்கும் நூற்றுக்கு 15 முதல் 30 வரை பங்கு கேட்டு வந்தன. நாம் கொடுக்கும் 100 ரூபாயில் அந்தப் பங்கு சுங்கமாகப் போனது.

இதை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் தமிழர். சென்னையிலிருந்து பாரத் மேட்ரிமோனி நடத்தும் முருகவேல் ஜானகிராமன் அவர். பேர் பதிவு செய்ய இலவசம், வரனின் தொடர்பு எண் பார்க்கச் சந்தா என்ற முறையில் நடப்பது அந்தச் செயலி. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், தன் கட்டண முறையையே பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதற்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி உள்ளிட்ட இந்தியச் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் அவை திரும்பி வந்தன. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றது.

பெரிய முதலாளிகளின் சண்டை நமக்கு எதற்கு என்று இருந்துவிட முடியாது. சுங்கம் குறைந்தால் சந்தா குறைய வழி பிறக்கும். தமிழில் பாடம் சொல்லித் தரவோ, தொழிலாளருக்குக் கணக்கு எழுத உதவவோ சிறு செயலி செய்யும் இளைஞனுக்கும் பிழைக்க வழி பிறக்கும்.

எது முறை?

இலவசச் செயலி உள்ளே கட்டணம் வாங்குவது தவறல்ல. உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதைத் தொழிலாளர்களாகிய நாமே மறுத்தால் வேறு யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் அந்தக் கட்டணம் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். முதலாவது, எது இலவசம், எதற்கு எவ்வளவு என்பதை உள்ளே நுழையுமுன் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, சேர ஒரு தட்டு என்றால் விலகவும் ஒரு தட்டுதான் இருக்க வேண்டும். மூன்றாவது, மாதச் சந்தா கட்ட முடியாதவனுக்கு உபயோகித்த அளவுக்குக் கட்டும் வழியும் இருக்க வேண்டும். நம் ஆட்டோ ஓட்டுநருக்கு நாள் சந்தாவும் சவாரிச் சந்தாவும் வைத்தது இதற்கு நல்ல முன்மாதிரி.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பணமும் சந்தாவும் என்ற பகுதிக்குள் சென்றால் எந்தெந்தச் சந்தா ஓடுகிறது என்று தெரியும். அதிலேயே ரத்து செய்யலாம். யுபிஐ செயலியிலும் "ஆட்டோபே" என்ற பகுதியைத் தனியாகத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் நிறுத்துங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டால் பிள்ளை கையில் போனைக் கொடுக்கப் பயமில்லை. தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விலக விடாமல் இழுத்தடிக்கும் செயலி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். மோசடியாகப் பணம் பறிபோனால் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும்.

கன்னடமோ ஆங்கிலமோ படிக்க வராத பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய போனை வாங்கி இந்த இரண்டு இடங்களையும் பார்த்துச் சொல்வது படித்த பிள்ளைகளின் கடமை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். வீட்டு வாடகையையும், மளிகைக் கணக்கையும், சீட்டுப் பணத்தையும் மாதம் தவறாமல் எழுதி வைக்கும் நாம், அந்த நோட்டிலேயே செயலிச் சந்தாவுக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். எழுதும்போது கை தயங்குகிற சந்தா எதுவோ, அது நமக்கு வேண்டாதது.